கிணத்துல மறுபடியும் சாயத்தண்ணி... மனு குடுத்துட்டே இருக்கறதா, கோர்ட்டுக்கு போறதா?

ஓடைக்காட்டுக்காரன்
எல்லாருக்கும் வணக்கமுங்க. இத்தன நாளா படிக்கறதோட சரி, எழுதறது இதுதான் முதல் தடவை, நீளமா போனா பொறுத்துக்குங்க.

எங்க தோட்டம் நொய்யலுக்கு தெக்கால, ஒரத்துப்பாளையம் அணைக்கு பக்கத்துல. நாலு ஏக்கரா, பாதி தென்னை, மீதி மாட்டுக்கு சோளத்தட்டு, எட்டு உருப்படி இருக்குது. 92ல அணை திறந்தப்ப எங்க அப்பாரு வேட்டி கட்டி போய் பாத்துட்டு வந்தாராம், இனி நம்ம பக்கம் வறட்சியே இல்லன்னு சொன்னாராம். ஈரோடு கரூர் ரெண்டு பக்கமும் சேத்து பத்தாயிரம் ஏக்கராவுக்கு மேல பாயறதுக்குன்னு கட்டுன அணைங்க அது. அஞ்சாறு வருஷத்துல தண்ணிய திறந்து உடாதீங்கன்னு பாசனக்காரங்களே போய் கேக்கற நிலைமை வந்துருச்சு. திருப்பூர் சாயக்கழிவு பூரா அதுல வந்து நின்னு, சுத்தியிருக்கற கிணறெல்லாம் உப்பாயி, எங்க தென்னையில குரும்பை பூரா கொட்டி போச்சு. நான் பள்ளிக்கூடம் படிச்சதெல்லாம் அந்த நாத்தத்துலதான்.

2011ல சாயப்பட்டறைகள கோர்ட்டு மூடச் சொன்னதுக்கப்புறம் மெல்ல மெல்ல தேறுச்சுங்க. கிணத்து டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு அளவு, நாலாயிரத்துல இருந்தது, மழை நல்லா பேஞ்ச வருஷத்துல ஆயிரத்தி நானூறுக்கு வந்துச்சு, மாடு மறுபடி கிணத்து தண்ணி குடிக்க ஆரம்பிச்சுது. எங்கய்யன் அன்னைக்கு தொட்டிகிட்டயே நின்னு பாத்துட்டு இருந்தாரு.

இப்ப போன தீபாவளிக்கு முந்துன வாரம் ராத்திரி மழை, காலைல போய் பாத்தா ஓடையில கருநீலமா நுரையோட தண்ணி வருது. அதுக்கப்புறம் மழை பேயற ராத்திரியெல்லாம் இதே கதைதான். மேக்கால ரெண்டு மூணு கிலோமீட்டர்ல ஒரு சாயப்பட்டறை இருக்குது, பேரு வேண்டாம், எனக்கு சந்தேகம்தான், கையில சாட்சி இல்ல. கிணத்து டிடிஎஸ் இப்ப 2900. மாட்டு டாக்டரு இந்த தண்ணிய காட்டாதீங்கன்னுட்டாரு, தினம் டிராக்டர் டேங்க்ல வெலைக்கு வாங்கி ஊத்தறேன்.

மூணு மனு குடுத்தாச்சு. ஒரு தடவை அதிகாரிங்க வந்தாங்க, வந்தது மத்தியானம் வெய்யில்ல, ஓடை காஞ்சு கெடந்துச்சு, ஆதாரம் இருந்தா கொண்டாங்கன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. இனி நான் என்ன செய்யட்டும்? கேசு போட்டா எத்தன வருஷமாகும், என்ன செலவாகும், நாலு ஏக்கராக்காரன் ஒருத்தன் தனியா போட முடியுமா? விசயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருப்பு கோட்டு, கோவை
வணக்கம்ங்க அண்ணா. ஹைகோர்ட் பக்கம் பதினஞ்சு வருஷமா ஓடிட்டு இருக்கேன், இந்த மாதிரி கேஸ் சிலது பாத்திருக்கேன். அவசரமானத முதல்ல சொல்லிடறேன், மத்தத பொறுமையா படிங்க.

நீங்க முதல்ல ஓடையில கலர் தண்ணி பாத்த தேதி எதுன்னு சரியா எழுதி வைங்க. தேசிய பசுமை தீர்ப்பாயம்னு சுற்றுச்சூழல் வழக்குக்குன்னே ஒண்ணு இருக்குதுல்ல, சென்னையில தென் மண்டல பெஞ்ச், அங்க 2010 சட்டத்துல 14வது பிரிவுல மனு போடறதுக்கு ஆறு மாசம்தான் டைம், அதுவும் பிரச்சனை முதல் முதல்ல தெரிய வந்த நாள்ல இருந்து ஆறு மாசம். அதுக்கு மேல தகுந்த காரணம் காட்டுனா 60 நாள் தருவாங்க, அதையும் தாண்டுனா எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு சாத்திடுவாங்க. தீபாவளிக்கு முந்தின வாரம்னா அக்டோபர் கடைசி, இப்ப மார்ச் நடு, ஏப்ரல் மூணாவது வாரத்துக்குள்ள நீங்க போட்டாகணும். மனு குடுத்து குடுத்து காத்திருக்கறதுலயே நிறைய பேரு இந்த ஆறு மாசத்த விட்டுடறாங்க. நஷ்டஈடு கேக்கறது 15வது பிரிவு, அதுக்கு அஞ்சு வருஷம் இருக்கு, அதனால அத பத்தி இப்ப பதற வேண்டாம்.

தனி ஆளா போட முடியுமான்னா தாராளமா முடியும். நஷ்டஈடு கேக்காத மனுவுக்கு கட்டணம் ஆயிரம் ரூபாதான், நஷ்டஈடு கேட்டா கேக்கற தொகையில ஒரு சதவீதம். வக்கீல் இல்லாம நீங்களே நின்னு பேசலாம். ஆனாலும் அக்கம்பக்கத்து கிணத்துக்காரங்க நாலு பேர சேத்துக்கங்க, ஒருத்தர் மட்டும்னா நைசா பேசி பணிய வச்சிடுவாங்க.

அடுத்தது ஆதாரம். நீங்க பாட்டில்ல புடிச்சு லேப்ல குடுத்து வாங்கற ரிப்போர்ட் தண்டனை குடுக்கற அளவுக்கு செல்லாது. 1974 தண்ணி மாசு சட்டத்துல 21வது பிரிவுன்னு ஒண்ணு, மாசு கட்டுப்பாட்டு போர்டு அதிகாரி வரணும், பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் குடுக்கணும், அவர் முன்னாடியே சாம்பிள் எடுத்து ரெண்டா பிரிச்சு சீல் வச்சு கையெழுத்து வாங்கி லேபுக்கு அனுப்பணும், இதுல ஒரு படி தப்புனாலும் கோர்ட்டுல அந்த சாம்பிள் நிக்காது. எத்தனையோ கேஸ் இந்த ஒரு இடத்துல செத்திருக்கு. அப்ப நம்ம பாட்டிலுக்கு என்ன மதிப்புன்னா, தீர்ப்பாயத்துக்கு ஒரு சந்தேகத்த உண்டு பண்ண அது போதும். அவங்க கலெக்டர், போர்டுன்னு ஒரு கூட்டுக் குழு போட்டு நேர்ல போய் மாதிரி எடுத்துட்டு வான்னு சொல்லுவாங்க. நீங்க கொண்டு போற காகிதம் அந்த குழுவ வரவழைக்கறதுக்கு.

அதனால அங்கீகாரம் உள்ள லேப்ல ஓடை தண்ணி, உங்க கிணறு, ஓடைக்கு தள்ளி இருக்கற ஒரு கிணறுன்னு மூணு மாதிரி குடுங்க. தள்ளி இருக்கற கிணறு நல்லா இருந்து உங்களுது கெட்டிருந்தாத்தான் ஓடையில வர்றதாலன்னு சொல்ல முடியும், இல்லேன்னா இந்த பக்கம் நிலத்தடி தண்ணியே உப்புதான்னு எதிர்க்கட்சி வக்கீல் ஒரே வார்த்தையில முடிச்சுடுவாரு. டிடிஎஸ் மட்டும் பாத்து விட்டுடாதீங்க, குளோரைடு, சல்ஃபேட், சோடியம் கேளுங்க. ஆத்துல விடற கழிவுக்கு இங்க டிடிஎஸ் வரம்பு 2100, ஆனா திருப்பூர் சாயப்பட்டறைக்கு ஒரு சொட்டு கூட வெளிய விடக்கூடாதுங்கறதுதான் உத்தரவு, அதனால வரம்புக்குள்ள இருக்குன்னு யாராவது சொன்னாலும் ஏமாந்துடாதீங்க.

அந்த உத்தரவு எப்படி வந்துச்சுன்னு உங்க ஊர்க்காரங்களுக்கே இப்ப மறந்துட்டு வருது, அதனால எழுதறேன். நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்பு சங்கம் 2003ல ஹைகோர்ட்ல ரிட் போட்டாங்க. 2006 டிசம்பர் 22 தீர்ப்பு, 2007 ஜூலை 31க்குள்ள பட்டறை எல்லாம் ஜீரோ டிஸ்சார்ஜுக்கு வந்தாகணும், அதுவரைக்கும் வெளிய விடற கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில ஆரம்பிச்சு போகப்போக ஏறுற மாதிரி அபராதம், அணைய சுத்தம் பண்ணுன்னு. பட்டறைக்காரங்க சுப்ரீம் கோர்ட் போனாங்க. அங்க 2009 அக்டோபர்ல கடைசியா மூணு மாசம் டைம் குடுத்தாங்க. அதுவும் ஓடிப்போச்சு. அப்ப விவசாயிங்க வீட்டுக்கு போயிருந்தா கதை அதோட முடிஞ்சிருக்கும், போகல, கோர்ட் அவமதிப்புன்னு மறுபடி வந்து நின்னாங்க. 2011 ஜனவரி 28 ஹைகோர்ட் முதல் பெஞ்ச் எல்லா சாயப்பட்டறையும் பொது சுத்திகரிப்பு நிலையமும் மூடு, கரண்ட கட் பண்ணுன்னுச்சு, எழுநூறு பட்டறைக்கு மேல. ஜெயிச்சதுக்கப்புறமும் நாலு வருஷம் அந்த தீர்ப்ப கையில புடிச்சிட்டு அலைஞ்சிருக்காங்க அண்ணா, ஊருக்கே பெரியவங்க அவங்க. நீங்க புதுசா ஒண்ணும் கேக்க போறதில்ல, ஏற்கனவே இருக்கற உத்தரவ நடத்துங்கன்னுதான் கேக்க போறீங்க. உங்க கேஸ்ல பெரிய பலமே அதுதான்.

பாலாத்து மணல்
அண்ணே நான் வாணியம்பாடி ஆம்பூருக்கு நடுவுல. உங்க பதிவ படிச்சதும் எங்க வீட்டு கதையே படிக்கிற மாதிரி இருந்துச்சு, உங்களுக்கு சாயம் எங்களுக்கு தோலு.

எங்க பாலாறு கேஸ் தெரிஞ்சிருக்கும், வேலூர்காரங்க ஒரு அமைப்பா சேந்து 1991ல நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே போனாங்க. 1996 ஆகஸ்ட் 28 ஜஸ்டிஸ் குல்தீப் சிங் தீர்ப்பு. மாசு பண்றவன்தான் அதுக்கு செலவு பண்ணணும், கெடுதல் வர வாய்ப்பிருக்குன்னாலே முன்கூட்டி தடுக்கணும், இது ரெண்டும் இந்த நாட்டு சட்டம்தான்னு அந்த தீர்ப்புலதான் எழுதினாங்க. இன்னைக்கு இந்தியாவுல எந்த மூலையில தண்ணி கேஸ் நடந்தாலும் அத எடுத்துதான் வாதாடுறாங்க, எங்க ஊர் ஆறு செத்து குடுத்த சட்டம் அது. ஒரு கிலோ தோலு முடிஞ்சு வர 35 லிட்டர் தண்ணி, அப்புறம் 170 வகை கெமிக்கலு, 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாவோ முழுசாவோ பயிருக்கு ஆகாம போச்சுன்னு எல்லாமே அந்த தீர்ப்புலயே இருக்கு. ஒவ்வொரு தோல் பதனிடற ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபா அபராதம் போட்டாங்க.

ஆனா நஷ்டஈடு கதைய கேளுங்க. யார் யாருக்கு எவ்வளவு நஷ்டம்னு கணக்கு பாக்க தனியா ஒரு ஆணையம் போடச் சொன்னாங்க, போட்டாங்க, கணக்கும் வந்துச்சு, அப்புறம் அது பத்தாது, எங்க பேரு விட்டு போச்சு, இதுக்கு மேல வந்த நஷ்டத்துக்கு என்னன்னு மறுபடி கேஸ் மேல கேஸ். 2025 ஜனவரி 30, சுப்ரீம் கோர்ட்ல ஜஸ்டிஸ் பர்திவாலாவும் ஜஸ்டிஸ் மகாதேவனும் சொல்றாங்க, பாதிக்கப்பட்டவங்களுக்கு குடுக்க வேண்டியத ஆறு வாரத்துல அரசாங்கம் குடு, அப்புறம் மாசு பண்ணவங்ககிட்ட வசூல் பண்ணிக்க, ஆத்த சீர் பண்ண ரிட்டயர்டு ஜட்ஜ் தலைமையில கமிட்டி போடுன்னு. 1991ல கையெழுத்து போட்ட பெரியவங்கள்ல எத்தன பேரு இத கேக்க உயிரோட இருந்தாங்கன்னு நினைச்சு பாருங்க. எங்க பெரியப்பா கெணறு இன்னும் மூடித்தான் கெடக்கு. தண்ணி இருக்கு, எறைக்க முடியாது.

உங்கள பயமுறுத்த சொல்லல. பணத்த நம்பி கேஸ் போடாதீங்க, நிறுத்துன்னு சொல்லத்தான் முதல்ல போடுங்க. நிறுத்தறது சீக்கிரம் நடக்கும். பணம் அடுத்த தலைமுறைக்கு வந்தா உண்டு.

கருப்பு கோட்டு, கோவை
பாலாத்து அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. அதே ஆணையம் நொய்யலுக்கும் கணக்கு பாத்துச்சு, 28,000 பேருக்கு மேல, 24 கோடி சொச்சம். வகுத்து பாத்தா ஒரு ஆளுக்கு ஒம்பதாயிரம் கூட வரல. எட்டு வருஷ வெள்ளாமைக்கு அது. ராஜஸ்தான்ல உதய்பூர் பக்கம் பிச்சிரின்னு ஒரு கிராமம், கெமிக்கல் கழிவால கிணத்து தண்ணியெல்லாம் நிறம் மாறி போன கேஸ், 1996 பிப்ரவரியில தீர்ப்பு வந்துச்சு, கம்பெனி மனு மேல மனு போட்டு இழுத்து இழுத்து 2011ல 37 கோடிக்கு மேல, அதுக்கு வட்டிக்கு வட்டியும் சேத்து கட்டுன்னு சுப்ரீம் கோர்ட் மறுபடி சொல்ல வேண்டி வந்துச்சு.

சாயக்கை
நான் எதிர்பக்கத்துல இருந்து எழுதுறேன், கோவப்படாதீக. ஊரு தேனி பக்கம், 2004ல திருப்பூர் வந்தேன், ஏழு வருசம் சாயப்பட்டறையில மிசின்ல நின்னேன். 2011 ஜனவரி கடைசியில ஒரே நாள்ல எல்லாம் மூடிட்டாக, ரூம்ல பதினோரு பேரு இருந்தோம், ஒரு வாரத்துல நாலு பேரா ஆயிட்டோம், மத்தவக மூட்டையக் கட்டி ஊருக்கு போயிட்டாக. அப்ப உங்க ஆளுக மேல எனக்கு அம்புட்டு ஆத்திரம், பொய் சொல்லல. அடுத்த வருசம் கூட வேலை பாத்தவரு கல்யாணத்துக்கு உங்க பக்கம் ஒரு ஊருக்கு வந்தேன். கை கழுவ தண்ணி மோந்து ஊத்துனாக, நானே தினம் கீழ விட்ட தண்ணி அது, வாசத்துலயே தெரிஞ்சு போச்சு. அன்னையோட ஆத்திரம் போச்சு.

தொழில் தெரிஞ்சவன்கிறதால ஒண்ணு சொல்றேன். எல்லாரும் கலரத்தான் பாக்குறாக, கலரு ஒண்ணுமே இல்ல, அத எடுத்துரலாம். உப்புதான் எமன். பனியன் துணியில சாயம் ஏறணும்னா உப்பு போடணும், டார்க் கலருக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு அறுபது எம்பது கிராம் கூட போகும். துணி உப்ப குடிக்காது, போட்டது பூரா கழிவுல வந்துரும். பாக்டீரியா தொட்டிய வச்சு அத ஒண்ணும் செய்ய முடியாது, ஆர்ஓ போட்டு, மிஞ்சுற கெட்டித் தண்ணிய எவாப்ரேட்டர்ல காய்ச்சி, உப்பா எடுத்து திரும்ப சாயத்துக்கே போடணும். காய்ச்சுறதுக்கு விறகும் கரண்டும் பணமா ஓடும், அந்த காச மிச்சம் பண்ணத்தான் ராத்திரி மழையில வால்வ திறக்குறது. கலரே இல்லாம கண்ணாடி மாதிரி விட்டுட்டா உங்களுக்கு தெரியவே தெரியாது. அதனால தினம் டிடிஎஸ் மீட்டர வச்சு பாருங்க, தண்ணி தெளிவா இருக்குன்னு விட்டுறாதீக.

இன்னொண்ணு, அந்த பட்டறை ஏதாவது பொது சுத்திகரிப்பு நிலையத்துல மெம்பரா, இல்ல தனி பிளான்ட்டான்னு விசாரிங்க. ரெண்டும் இல்லன்னா லைசென்சே இல்லாத பட்டறை. 2011க்கப்புறம் இப்படி ஒதுக்குப்புறமா தகர செட்ட போட்டு ஓட்டுறவுக உண்டு. ஒழுங்கா பிளான்ட் ஓட்டுறவன் கிலோவுக்கு இத்தன ரூபா கூட செலவு பண்றான், இவுக அவன் பொழப்பையும் சேத்துதான் கெடுக்குறாக.

பனியன் நகர்
சாயக்கை அண்ணா சொன்ன கடைசி விஷயத்துக்காகத்தான் நானும் எழுதறேன். எங்களுது சின்ன ஜாப் ஒர்க் யூனிட், 2011ல நாங்களும் அடிபட்டோம், வீட்டு நகையெல்லாம் அடகுக்கு போச்சு. அப்புறம் அரசாங்கம் பொது நிலையங்களுக்கு 200 கோடி வட்டியில்லா கடன் குடுத்துச்சு, பிளான்ட்ட திருத்தி ஒவ்வொண்ணா திறந்தாங்க. இப்ப நாங்க துணி குடுக்கற பட்டறையில முக்கால்வாசி தண்ணிக்கு மேல திரும்ப எடுத்துதான் ஓட்டறாங்க, நான் நேர்ல நின்னு பாத்திருக்கேன். ஒட்டுமொத்தமா திருப்பூர திட்டாதீங்க, திருடன காட்டி குடுக்க நாங்களும் வர்றோம். ஆனா ஒரு கேள்வி வக்கீல் சார், மறுபடி எல்லாரையும் சேத்து மூடுன்னு உத்தரவு வந்துருமா? அந்த பயம் எங்களுக்கு இருக்கு.

கருப்பு கோட்டு, கோவை
உங்க பயம் புரியுது. அன்னைக்கு எல்லாத்தையும் மூடுனது பொது நிலையங்களே ஓடாததால, வருஷக்கணக்குல டைம் குடுத்தும் யாரும் செய்யாததால. ஒரு பட்டறை தனியா தப்பு பண்ணா அதே 1974 சட்டத்துல 33ஏ பிரிவுல போர்டே அத மூட உத்தரவு போடலாம், கரண்ட் தண்ணி இணைப்ப துண்டிக்க சொல்லலாம், அதுக்கு கோர்ட்டே வேண்டியதில்ல. மனுவுல ஊரையே இழுக்காம அந்த ஓடை, அதுல வந்து விழற வாய், அதுக்கு மேல இருக்கற யூனிட்டுன்னு குறிப்பா எழுதணும்.

அதே சமயம் வேலை போயிடும்னு சொல்றத கோர்ட்டு ஒரு எல்லைக்கு மேல கேக்கறதில்லங்கறதையும் சொல்லிடறேன். 1987ல கங்கை வழக்குல கான்பூர் தோல் ஷாப்புகள பத்தி சுப்ரீம் கோர்ட் சொன்னது, குறைஞ்சபட்ச கூலி குடுக்க முடியாத தொழில் எப்படி நடக்கக் கூடாதோ அப்படித்தான் முதல்நிலை சுத்திகரிப்பு கூட வைக்க முடியாத தொழிலும்னு. அப்புறம் 1991 சுபாஷ் குமார் வழக்கு, மாசில்லாத தண்ணி கிடைக்கறது அரசியல் சட்டம் 21வது பிரிவுல உயிர் வாழற உரிமைக்குள்ள வருதுன்னு. 2017 பிப்ரவரியில, சுத்திகரிப்பு நிலையம் ஓடலன்னா நோட்டீஸ் குடுத்து மூடுன்னு நாடு பூராவுக்கும் ஒரு உத்தரவு. சட்டத்துல குறைச்சலே இல்ல. எடுத்து போய் நிக்க ஆள் வேணும், அவ்வளவுதான்.

ஓடைக்காட்டுக்காரன்
கண்ணு கலங்கிருச்சுங்க, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நினைக்கல. சாயக்கை அண்ணா, நீங்க எங்க ஊட்டுக்கே வாங்க, சாப்புட்டுட்டு போலாம், உங்க மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல.

நேத்து மழை இல்ல, ஆனாலும் சொன்னபடி மூணு பாட்டல் புடிச்சு லேபுக்கு குடுத்துட்டேன். தள்ளி இருக்கற கிணறுன்னு சொன்னீங்கள்ல, கிழக்கால மேட்டுக்காட்டு பெரியம்மா கிணறு, என்ற மீட்டர்ல 1150 காட்டுது. எங்களுது 2900. நடுவுல அரை கிலோமீட்டர்தான். அந்த பெரியம்மாவும் இன்னும் ரெண்டு பேரும் கையெழுத்து போடறேன்னு சொல்லிட்டாங்க. எங்கய்யன் 2003 சங்கத்து கேசுக்கு வசூல் குடுத்த ரசீது ஒண்ணு பீரோவுல மடிச்சு வச்சிருந்தாரு, எடுத்து குடுத்தாரு. இது பிரயோசனப்படுமா வக்கீல் தம்பி? தேதி அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை காலைல, பால் ஊத்திட்டு வரும்போது பாத்தேன், அன்னைக்கு போன்ல எடுத்த வீடியோ கெடக்குது.

கருப்பு கோட்டு, கோவை
வீடியோவ வாட்ஸப்ல அனுப்பாதீங்க அண்ணா, தேதி விவரம் போயிடும், அந்த போன அப்படியே பத்திரமா வைங்க, அதுதான் ஒரிஜினல். மூணு மனுவோட ரசீதும் வேணும். ரசீது இல்லேன்னா இப்பவே தகவல் உரிமை சட்டத்துல அந்த மனுக்கள் மேல என்ன நடவடிக்கைன்னு கேட்டு ஒண்ணு போடுங்க, 30 நாள்ல பதில் வரணும், ஆனா பதில் வரட்டும்னு மனுவ நிறுத்தி வைக்காதீங்க. அக்டோபர் 25ல இருந்து ஆறு மாசம்னா ஏப்ரல் 25, நாம ஏப்ரல் பத்துக்குள்ள போட்டுடலாம். லேப் ரிப்போர்ட் வந்த அன்னைக்கு தனி மெசேஜ் போடுங்க, எழுதிக் குடுக்கறேன், பணம் வேண்டாம். ஐயன் குடுத்த ரசீத லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, அப்படியே கொண்டு வாங்க, மனுவோட சேத்து வைக்க ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கறேன்.